பசித்த பிள்ளையும் ஊட்டுவோர் கருத்தும்

பசியோடு பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைக்கு உணவளித்தல் தருமம் என்பதில் ஐயுறவு கொள்வார் எச்சமயத்தும் இலர். ஆயின், அவ்வுணவை அளிப்போன் உள்ளத்தில் அப்பிள்ளையின் பசி நீங்குதல் ஒன்றே கருத்தாதல் வேண்டுமோ, அன்றி அதன்மேலும் ஒரு பயனை, அது சமயப் பயனேயாயினும், கருதுதல் தகுமோ என்பது ஆராயத்தக்கது. வன்னிநாட்டில் ஆசிரியராயிருப்போர்க்கு இஃது ஏட்டிற் கற்கும் வினாவன்று. நாடோறும் வகுப்பறை வாயிலில் எதிர்ப்படும் வினா. நம்மவர் கூட்டங்களிலே, "நாம் ஊட்டாவிடிற் பிறர் ஊட்டுவர், ஊட்டினவர் பக்கம் பிள்ளை போய்விடும், ஆகலின் விரைந்து ஊட்டுவோம்" என்னும் பேச்சுப் பன்முறை எழுகின்றது. கேட்போர் கைதட்டுகின்றனர். அப்பேச்சின் முடிவு நன்று. அதற்குக் காட்டும் ஏது நன்றன்று என்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

வவுனியா மாவட்டத்தின் மேற்குப் பாகத்தில், மன்னாருக்குச் செல்லும் இருப்புப்பாதை ஓரத்தே உள்ள செட்டிகுளம், குளமும் வயலும் காடும் சூழ்ந்த சிற்றூர். 2009ஆம் ஆண்டின் முற்பாதியில், இறுதிப் போரினின்றும் உயிர்தப்பி வந்த மக்கள், இவ்வூரை அடுத்த மெனிக்பாம் என்னும் இடத்திலே காடு வெட்டி அமைத்த முகாம்களில் வைக்கப்பட்டனர். ஒருகாலத்து ஆங்கிருந்தோர் தொகை 2 இலட்சத்துக்கு மேற்பட்டது. முட்கம்பி வேலிக்குள்ளே கூடாரங்கள் நிரைநிரையாக நின்றன. அம்முகாமின் பகுதிகளுட் சிலவற்றுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி எனப் பெயரிட்டிருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கண்டவர். அருணாசலம் அவர்தம் இளவல். ஆனந்தகுமாரசுவாமி அவ்விருவர்க்கும் அம்மான் மகன், சிவபெருமானுடைய திருநடனத்தின் பொருளை மேனாட்டார்க்கு எடுத்துரைத்தவர். அப்பெருமக்கள் பெயர் தாங்கிய வேலிகளுக்குள்ளே நம் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நின்றார்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு சுடுகின்றது. 2012ஆம் ஆண்டு புரட்டாதியில் முகாம் மூடப்பெற்றது. மூடும்போது மக்கள் வெளியேறினர். பசி வெளியேறியதென்று கூறுதற்கில்லை.

தந்தையை இழந்தோர், தாயை இழந்தோர், இருவரையும் இழந்து பாட்டி கையைப் பற்றி வந்தோர், தம் உற்றார் யாரென்று சொல்லத் தெரியாத மழலையர் என இத்திறத்துப் பிள்ளைகள் ஆங்கிருந்தனர். ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் உலர் உணவு கொடுத்தது. கிறித்துவத் தொண்டர், பௌத்தத் தொண்டர், நம் ஆலயத் தொண்டர் ஆகிய பலரும் தத்தமக்கு இயன்றவாறு உதவினர். வவுனியாக் கோயிற்குளத்திலே சிவன்கோயிலைச் சார்ந்து நடைபெறும் அருளகம் என்னும் சிறுவர் இல்லம், போரினாற் பெற்றோரை இழந்த பிள்ளைகட்கு ஊணும் உறையுளும் கல்வியும் தந்துவருகின்றது. அக்கோயிலே முதியோர்க்கும் ஓர் இல்லம் நடத்துகின்றது. கோபுரத்துக்குப் பொன்பூசுதலினும் இவை சிவனுக்கு உவப்பாம் என்று எண்ணிய அடியார்கள் நம்மிடையே உளர் என்பதற்கு இது சான்று.

இனி, மேற்கூறிய கைதட்டற் பேச்சு எங்ஙனம் தோன்றியதென அறிதற்குச் சிறிது பின்னோக்குதல் வேண்டும். அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அவர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விடுதிப்பள்ளிகள் அமைத்து, பிள்ளைகளுக்குச் சோறும் உடையும் பாடமும் இலவசமாகக் கொடுத்தனர். செலவைப் பொறுத்தவர் கடலுக்கப்பாலுள்ள அன்பர்கள். ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அன்பர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. அக்காலத்து யாழ்ப்பாணப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. முன்னது ஊட்டினார் மொழி. பின்னது பெற்றார் மொழி. 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய விசுவநாதபிள்ளை பின்னாளிற் சைவத்துக்கு மீண்டார். சமயத்தை மீட்டுக்கொண்டவர்க்கும் பெயரின் முற்பாதி போகவில்லை.

இதனைப் பழிப்பதற்காக மட்டும் யாம் கூறவில்லை. மிசனார் சோற்றாற் பல்லாயிரவர் எழுத்தறிந்தனர், வைத்தியம் கற்றனர், தமிழுக்கு அகராதி தந்தனர். குற்றம் எங்கே நுழைந்ததென்றால், உணவு விதையாகவும் பிள்ளை நிலமாகவும் எண்ணப்பட்டு, விளைவு கணக்கெழுதப்பட்ட இடத்திலே நுழைந்தது. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அங்குக் கற்றோர் பலர் உத்தியோகத்தை நாடினரேயன்றிச் சமயம் பரப்புதலை நாடிற்றிலர் என்பது. பயிர் விளையாவிடின் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவது உழவனுக்குத் தகும். பிள்ளைக்கு அது தகுமோ?

நம் பக்கத்தை நோக்குவோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் தம் வாணாளிற் பெரும்பகுதியைச் சமயவாதத்திலே செலவிட்டவர். பாதிரிமாரைக் கண்டித்து அவர் எழுதியவை பல. ஆயினும் 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் பேதிநோயும் வருத்தியபோது, அவர் செய்தது கண்டனம் எழுதுதலன்று, கஞ்சித்தொட்டி வைத்தல். அவர் மறைந்தபின் 1888இற் சைவபரிபாலன சபை தோன்றியது. 1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பினால் ஊர்தோறும் சைவப் பாடசாலைகளைத் திறந்தது. திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலையும் அநாதைச் சிறுவர்க்கு ஓர் இல்லமும் கண்டது. கிழக்கிலே விபுலானந்த அடிகள் இராமகிருஷ்ண மிசன் வாயிலாகத் தாயற்ற பிள்ளைகளைத் தாங்கினார். இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயினும் அக்காலத்து வேண்டுகோள்களிலும் மேடைகளிலும் பணம் திரட்டுதற்கு எடுத்த ஆயுதம் பெரும்பாலும் அச்சமே: பிள்ளைகள் போகின்றனர், தடுப்போம் என்பது. பசி இரண்டாமிடத்துக்குப் போயிற்று. அதனால் விளைந்தது யாதெனில், மிசனார் போகாத ஊரிற் பசித்த பிள்ளையை நம்மவர் காணவில்லை. அச்சமூட்டுவார் இல்லாத இடத்து அருளும் இல்லையாயிற்று. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளின் நிலை இதற்குச் சான்று. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் பாடசாலைகளிலே சம ஆசனமும் சமபோசனமும் வேண்டுமெனக் கேட்டபோது, சைவத்தைக் காப்போம் என்றாரிற் சிலரே எதிர்த்து நின்றனர். தரையில் இருத்தப்பட்ட பிள்ளையை, "நீ போய்விடாதே" என்று தடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருந்தது?

ஊட்டும் பொருட்டுச் சமயத்தைக் கேட்டல் சைவநெறிக்கு ஒத்ததோ என்பதற்குத் திருஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியராகிய நீவிர் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வது அது. மூன்றாண்டுக் குழந்தை சீகாழித் திருக்குளக்கரையிலே நின்று தந்தையைக் காணாது அழுகின்றது. அழுகை கேட்டு இறைவன் பணிக்க, உமையம்மையார் பொற்கிண்ணத்திற் பாலேந்தி ஊட்டுகின்றார். ஆங்கே வினா யாதும் இல்லை. நீராடிக் கரையேறிய சிவபாத இருதயரோ, குழந்தையின் கடைவாயிற் பாலைக் கண்டு, சிறு கோலொன்றைக் கையிலெடுத்து, உனக்கு இதனைத் தந்தவர் யார், காட்டு என்று அதட்டுகின்றார். எச்சிற்பட்ட பாலோ, யார் வீட்டுப் பாலோ என்பது அவர் கவலை. நல்ல தந்தை, ஆசாரம் உடையவர், அவர் கேட்டதிற் குற்றம் காண்பாரில்லை. ஆயினும் அழுகை கேட்டபோது அவர் நீருள் மூழ்கியிருந்தார். பால் உண்டபின்பே கோலெடுத்தார். நம் சங்கங்கள் பெரும்பாலும் சிவபாத இருதயர் நிலையிலேயே நிற்கின்றன என்று சொன்னால் அன்பர்கள் சினவாதொழிக. பிள்ளை அழும்போது கேளாமல், பிறர் ஊட்டியபின், ஊட்டினவர் யாரென்று கோலெடுக்கின்றோம்.

அற்றேல், அம்மையார் அளித்தது வெறும் பாலன்றே, சிவஞானமும் குழைத்த பாலன்றோ, ஆகவே உணவோடு சமயம் கலந்தூட்டல் நம் நெறியேயாம் எனின், அது தக்க வினாவே. ஞானம் குழைத்தது யார் பயன் கருதி என்று நோக்குக. அக்குழந்தை அம்மையாருக்கு ஒரு தொகையாகவில்லை. அதனை உண்டதனால் அம்மையார் பெற்றதொன்றில்லை. பெற்றது முழுதும் குழந்தையே. தான் பெறுவதொன்றின்றிக் கொடுக்கும் ஞானமும் உணவு போன்றதே. கொடுப்பவனுக்கு ஆள் சேரும் பொருட்டுக் கொடுக்கும் ஞானமோ விலைப்பொருள். நம் ஆசாரியர் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் எனப் பிரித்தோதியதும் இதனை உட்கொண்டே என்க. "யான் செய்தேன், எனக்கு இது வரும்" என்னும் முனைப்போடு செய்யும் நற்செயல் அப்பயனைத் தந்து ஒழிந்துபோம். எனக்கு என்னுமிடத்தில் எம் சங்கத்துக்கு என்று மாற்றிவிட்டால் முனைப்பு நீங்கியதாகாது, பெருத்ததாகும்.

இன்னொரு சாரார் உளர். அவர்கள் கூட்டங்களிற் பேசமாட்டார்கள்; திண்ணையிற் பேசுவார்கள். பசியும் அநாதையாதலும் அவ்வப்பிள்ளையின் பழவினைப் பயன், அதனை இடைபுகுந்து மாற்ற நாம் யார் என்பது அவர் கூற்று. சித்தாந்தத்தை அரைகுறையாகக் கற்றதனால் வரும் கேடு இது. பிள்ளை நுகர்வது பிராரத்தமாகுக. அதனைக் கண்டு வாளா கடந்துபோகிறவன் அந்நொடியிலேயே ஈட்டுவது ஆகாமியம் அன்றோ? பிறர் வினைக்கணக்கைப் பார்க்குமாறு நம்மை எவரும் நியமித்திலர். தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது இவர்கள் பழவினையென்று படுத்திருப்பதில்லை. செட்டிகுளம் ஆசுபத்திரிக்கே ஓடுகின்றனர்.

கொள்கையைச் சோதிப்பதற்கு எளிய நிகழ்ச்சி போதாது, அரியதொன்று வேண்டும். செட்டிகுளம் மன்னார் நாட்டுக்கு அணித்தாயது. முகாமிலிருந்தோருட் கத்தோலிக்கரும் பலர். தாய்தந்தையரை இழந்த கத்தோலிக்கப் பிள்ளையொன்று நம் இல்லத்து வாயிலில் நிற்குமாயின் நாம் என் செய்வோம்? ஏற்றுக்கொள்வோம் என்பார் பலர். ஏற்றுக்கொண்டு, விபூதி தரித்து வரிசையில் நின்றாற்றான் சோறு என்போமாயின், நூறாண்டுக்கு மேலாக மிசனார்மீது நாம் தொடுத்த குற்றச்சாட்டு முழுவதையும் நாமே நம் தலையிலேற்றிக்கொள்கின்றோம். அப்பிள்ளை இழந்தவற்றுள் எஞ்சியது, தாய் சொல்லிக்கொடுத்த செபம் ஒன்றே. அதனையும் பறித்தல் வேண்டா. ஞாயிறுதோறும் ஓர் அன்பரைத் துணைகூட்டி அதனைக் கோயிற்பூசைக்கு அனுப்புதலே செயற்பாலது என்பது எம் துணிபு. இதனைச் செய்ய ஒருப்படாதவர், சைவப்பிள்ளையைத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றாரென்று பிறரைக் குறைகூறும் வாயை மூடிக்கொள்ளுதல் வேண்டும். சைவப்பிள்ளைக்குத் திருமுறை கற்பித்தலோ அதன் தாய்தந்தையர் விட்டுச்சென்ற சொத்தை அதனிடம் ஒப்படைத்தலாம், ஐயமின்றிச் செய்க. பாட மறுத்த நாளிலும் அதற்கு இலை போடுக.

இல்லங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. அநாதை என்று நாம் எளிதிற் கூறுகின்றோம். இலங்கையிற் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ ஒருவரேனும் உயிரோடிருக்கின்றனர். வறுமை காரணமாகவே அவர்கள் விடப்படுகின்றனர். போரிற் கணவனை இழந்து கூலிவேலைக்குச் செல்லும் தாய், மூன்று பிள்ளைகளுள் இரண்டை இல்லத்திற் சேர்க்கின்றாள்; சேர்த்துவிட்டுப் படலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகின்றாள். அவளுக்கு வேண்டியது பிள்ளையைப் பிரித்து வளர்க்கும் கட்டடமன்று. பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் போதிய அரிசி. கட்டடத்துக்குக் கல் நாட்டலாம், பெயர் பொறிக்கலாம். மாதந்தோறும் ஒரு குடிசைக்குச் சேரும் அரிசிமூட்டையிற் பெயர் பொறிக்க இடமில்லை. நம்மவர் முன்னதையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

வவுனியாவிலேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. 1970களின் பிற்பாதியிற் காந்தியம் என்னும் இயக்கத்தை வைத்தியர் இராசசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் நடத்தினர். 1977இன் வன்செயலில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த தொழிலாளர் குடும்பங்களை அவ்வியக்கம் இம்மாவட்டத்திற் குடியிருத்தியது. முன்பள்ளிகள் அமைத்துச் சிறுவர்க்குச் சத்துணவும் அளித்தது. பிள்ளை பகலில் உண்டு படித்து, இரவில் தாயிடம் உறங்கிற்று. டேவிட் கிறித்துவக் குடியிற் பிறந்தவர். ஊட்டப்பட்டோருட் பெரும்பாலோர் சைவர். அவர் எவரையும் சமயம் மாறச் சொன்னதில்லை. இராசசுந்தரம் 1983 ஆடி மாதம் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார்.

இன்று ஆசிரியர் செய்யக்கூடியது யாது? 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நம் சைவப் பாடசாலைகள் அரசினர் கைக்குச் சென்றன, முகாமைக்காரர் இல்லை, சங்கத்தின் பணப்பெட்டி பள்ளிக்கூடத்தில் இல்லை. ஆயினும் பிள்ளையின் முகம் இன்றும் ஆசிரியர் முன்னேதான் இருக்கின்றது. திங்கட்கிழமை காலையில் மேசைமேற் றலைசாய்ப்பது யார், பத்துமணிக்கு முன் தண்ணீர்க்குழாயடிக்கு இருமுறை போவது யார், உணவுப்பெட்டி திறக்கும் வேளையில் மைதானத்துக்கு நழுவுவது யார் என்பதெல்லாம் எந்தச் சங்கத்துச் செயலாளருக்கும் தெரியாது, வகுப்பாசிரியருக்குத் தெரியும். 2022இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்து, புரட்டாதியிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுவிலை ஓராண்டினுள் 100க்கு 94.9 உயர்ந்தபோது, காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளை ஏந்தியவர்களும் ஆசிரியர்களே.

பொருள் எங்கிருந்து வருமெனின், கோயில்களிலிருந்து வரும். வன்னியில் திருவிழாக் காலத்து அன்னதானம் நடவாத கோயில் இல்லை. பத்து நாளும் அண்டா அண்டாவாகச் சோறு வேகும். வீட்டில் உண்டு வந்தோரும் வரிசையில் நிற்பர். திருவிழா முடிந்ததும் அண்டாக்களைக் கவிழ்த்து மடத்தைப் பூட்டிவிடுவர். கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிக்கூடத்திலே எஞ்சிய 355 நாளும் பிள்ளைகள் வெறுவயிற்றோடு இருப்பர். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் இறைவனிடம் நாடோறும் பொற்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த வரலாற்றை இவ்விடத்து நினைக்க. அப்பர் பெற்ற காசு வாசியில்லாதது. சம்பந்தர் பெற்றது வாசியுள்ளது. அதனால் அப்பர் மடத்திற் சோறு முந்தியும் சம்பந்தர் மடத்திற் பிந்தியும் ஆயிற்று. காரணம், அப்பர் கையினால் உழவாரத்தொண்டு செய்தவர் என்பது. ஞானக்குழந்தையின் காசுக்கே வட்டம் கொடுக்க நேர்ந்ததென்றால், கைத்தொண்டின்றித் தீர்மானம் மட்டும் நிறைவேற்றும் நம் சங்கங்களின் காசு எத்துணை வாசி படும் என்பதை அன்பர்களே கணக்கிடுக.

கோயிற் பரிபாலகரை ஆசிரியர் இருவர் சென்று காணலாம். அண்டாவில் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு இரவலாகக் கேட்கலாம். முல்லையும் முசுட்டையும் முருங்கையும் வேலியெங்கும் கிடக்கின்றன. அரிசி ஒரு கொத்தும் தேங்காய் இரண்டும் கூடினால் ஒரு வகுப்புக்கு இலைக்கஞ்சி ஆயிற்று. விறகு பிள்ளைகளின் தாய்மார் கொண்டுவருவர். சமைக்கவும் அவர்களே முன்வருவர்.

ஒன்றுமட்டும் செய்யற்க. கஞ்சி வாங்கும் பிள்ளையை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, உபயகாரர் பெயரை மேலே பொறித்து, கடல்கடந்து அனுப்புதலை ஒழிக. உபயகாரர் நல்லவர், கணக்கும் அவர்க்குரியதே, அரிசி வாங்கிய பற்றுச்சீட்டை அனுப்புக. பிள்ளையின் முகத்தை அனுப்பாதொழிக. அமெரிக்க அன்பர் சூட்டிய பெயர் கறல் என்றிருந்தது. இப்பொழுது அது படமாக வந்திருக்கின்றது, அவ்வளவே.

அன்றியும், பசித்தவர் யார், பசியாதவர் யார் என்று கைதூக்கச் சொல்லிப் பிரித்து நிறுத்துதலும் வேண்டா. மணியடிக்கு முன் வகுப்பு முழுவதும் ஒரே வரிசையில் அமர்க. வீட்டில் இடியப்பம் உண்டு வந்த பிள்ளையும் ஒரு கோப்பை குடிக்கட்டும். ஆசிரியரும் பாயின் கடைசியில் அமர்ந்து அதே கஞ்சியைக் குடிக்கட்டும்.